குவாண்டம் விஞ்ஞானம்: பாலம் கட்டுவது யார்?

பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் தினம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928-இல் அந்த நாளில்தான் கல்கத்தாவில் தமது புகழ்பெற்ற ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார் என்பதை நாம் யாவரும் அறிவோம். இவ்வாண்டு அந்நாளில் எங்கள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெற்றது. ஆறாம் வகுப்புத் தங்கைகள் எரிமலை செய்து புகை கக்க வைத்தார்கள். எட்டாம் வகுப்பினர் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக் கைதட்டல் பெற்றார்கள். பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? பெரிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆசையில் 'குவாண்டம் உலகம்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டோம்.

தெர்மோகோலில் ஓர் அணு செய்தோம். பழைய சி.டி. தட்டின் மேல் டார்ச் ஒளியைப் பாய்ச்சிச் சுவரில் வானவில் காட்டினோம். சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி. விளக்குகளை ஓர் அட்டையில் பொருத்தி, ஒவ்வொன்றும் ஏன் ஒவ்வொரு நிறத்தில் எரிகிறது என்று விளக்க ஆயத்தமானோம். வந்தவர்களிடம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தோம். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பாட்டி அவர். காதில் செவிக்கருவி அணிந்திருந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் கண்ணுங்களா, இதனால எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வருங்காலத்தில் கம்ப்யூட்டர் மிக வேகமாக வேலை செய்யும் பாட்டி" என்று ஒருத்தி சொன்னாள். பாட்டி சிரித்துவிட்டு, "அப்போ எனக்கு இல்லை" என்று சொல்லிப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

அன்று எங்களால் சொல்ல முடியாத பதிலைத் தேடி நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டினோம், ஆசிரியையிடம் கேட்டோம். தேடிய போது எங்களுக்கு ஏற்பட்ட சில எண்ணங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

படிக்கட்டு போல ஓர் உலகம்

முதலில் குவாண்டம் என்றால் என்ன? சரிவான பாதையில் நடப்பவர் எந்த உயரத்திலும் நிற்கலாம். படிக்கட்டில் ஏறுபவர் ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது. அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் இந்தப் படிக்கட்டைப் போன்றது. 1900-ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்க் என்ற ஜெர்மானிய அறிஞர், ஒளியும் வெப்பமும் இவ்வாறு சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகின்றன என்ற கருத்தை முதன்முதலில் வெளியிட்டார். அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் குவாண்டம். எங்கள் எல்.இ.டி. விளக்கில் எலக்ட்ரான் ஒரு படி கீழே இறங்கும்போது ஒளி பிறக்கிறது. படி சிறியதானால் சிவப்பு, பெரியதானால் நீலம்.

பிளாங்க் இதனை எழுதியபோது எவரும் இதனால் காசு பண்ணலாம் என்று எண்ணவில்லை. 1905-இல் ஐன்ஸ்டீனும், 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நம் சத்யேந்திரநாத் போஸும் இதே பாதையில் சிந்தித்த போதும் எந்தத் தொழிற்சாலையும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. இயற்கையின் உண்மையை அறிய வேண்டும் என்ற தாகமே அவர்களை உந்தியது. இப்படிப்பட்ட ஆராய்ச்சியைத்தான் அடிப்படை ஆராய்ச்சி என்கிறார்கள்.

பாட்டியின் காதில் இருந்த பதில்

இந்த அடிப்படை அறிவு எப்படி மக்களிடம் வந்தது? பாட்டியின் கேள்விக்கான பதில் பாட்டியின் காதிலேயே இருந்தது என்பதை நாங்கள் பிறகுதான் கண்டுகொண்டோம்!

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் ஆகிய இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களோடு வில்லியம் ஷாக்லிக்கும் சேர்த்து 1956-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. திண்மப் பொருள்களுக்குள் எலக்ட்ரான்கள் எந்தெந்தப் படிகளில் நிற்கும் என்று குவாண்டம் கொள்கை சொல்லித் தந்திராவிட்டால் டிரான்சிஸ்டரை எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது.

அந்த டிரான்சிஸ்டர் கடைக்கு வந்தபோது முதலில் எதில் புகுந்தது தெரியுமா? ரேடியோவில் என்றுதான் நாங்களும் நினைத்தோம். 1954-இல் டிரான்சிஸ்டர் ரேடியோ வருவதற்கு முன்பே, 1952 இறுதியில், அது செவிக்கருவியில் புகுந்துவிட்டது. அதுவரை கனமான பேட்டரிகளைச் சுமந்து திரிந்த காது கேளாதவர்களின் பாரம் குறைந்தது. செவிக்கருவி செய்பவர்களிடம் மட்டும் டிரான்சிஸ்டருக்கான உரிமத் தொகையைப் பெல் நிறுவனம் வாங்கவில்லை. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதோர்க்குக் கற்பித்த ஆசிரியர். அவர் நினைவாக இந்தச் சலுகையைத் தந்தார்கள்.

இதை அறிந்தபோது எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது. ஒரு புதிய கண்டுபிடிப்பு முதலில் யார் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்யலாம் என்பதற்கு இது சான்றன்றோ? பணம் படைத்தவனுக்கே முதல் பந்தி என்று எந்தப் பௌதிக விதியிலும் எழுதப்படவில்லை.

வந்தும் வராத விஞ்ஞானம்

ஆனால் கண்டுபிடிக்கப்பட்டதெல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறதா? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை அவள் அனுமதியுடன் எழுதுகிறோம்.

அவளுடைய அம்மாவுக்குச் சென்ற ஆண்டு முதுகுவலி வந்து ஒரு கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் போன மருத்துவமனையில் இயந்திரம் இருந்தது, ஆனால் ஓடவில்லை. "ரிப்பேர் பார்க்கிற ஆள் வெளியூரிலிருந்து வரணும், ஒரு பாகம் வரணும்" என்றார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நாள்கள் போயின. முடிவில் அம்மா தம் காதுத் தோட்டை அடகு வைத்துப் பெரிய நகரத்துக்குப் போய்த் தனியாரிடம் ஸ்கேன் எடுத்தார். தோழி பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் சோறு பொங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் குவாண்டம் விஞ்ஞானத்தின் குழந்தையே. நம் உடலிலுள்ள நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் உட்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்களைப் போன்றவை. வலிமையான காந்தப் புலத்தில் அவை குவாண்டம் விதிப்படி வரிசைப்படுகின்றன. ரேடியோ அலையால் தட்டினால் நிலை மாறித் திரும்பும்போது செய்தி அனுப்புகின்றன. 1938-இல் ஐசிடோர் ராபி இந்த உட்கருக் காந்தங்களை அளந்தார். 1946-இல் பிளாக், பர்செல் ஆகியோர் திரவத்திலும் திண்மத்திலும் இதனைக் கண்டார்கள். 1973-இல் பால் லாட்டர்பர் இதைக் கொண்டு முதல் படம் எடுத்தார். அது நீர் நிரப்பிய இரு சிறு குழாய்களின் படம்! 1977-இல்தான் மனித உடலைப் படமெடுக்க முடிந்தது. 1938 எங்கே, 1977 எங்கே? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

அந்த நாற்பது ஆண்டுகளைக் கூட நாங்கள் மன்னித்துவிடுவோம். விஞ்ஞானம் வளர அத்தனை காலம் தேவைப்பட்டது. ஆனால் இயந்திரம் நம் ஊர்ப்பக்கம் வந்த பிறகும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இல்லாததால் ஒரு தாய் தோட்டைக் கழற்ற நேர்ந்ததே, அதை எப்படி மன்னிப்பது? ஆராய்ச்சிக்கூடம் ஒரு கரை. மக்கள் மறு கரை. நடுவே பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்டுபவர்களைத்தான் நாம் மறந்துவிட்டோம் என்பது எங்கள் கருத்து.

ஓர் அடிக்கோலும் ஓர் அணுக்கடிகாரமும்

பாலம் என்று நாங்கள் சொல்வது கருவிகளைச் செய்யும் கலையை. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று ஒன்று உண்டு.

வழி காட்டும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அளந்துதான் தூரத்தைச் சொல்கின்றன. ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். அதாவது எங்கள் ஜியாமெட்ரி பெட்டிக்குள் அடங்காமல் பைக்குள் வைத்திருக்கும் அடிக்கோலின் நீளம்! கடிகாரம் அவ்வளவு சிறிது தவறினாலும் தூரம் ஓர் அடி தவறும். இந்த நுட்பம் அணுக்கடிகாரத்துக்கே உண்டு. அணுவின் படிகள் எங்கும் எப்போதும் ஒரே உயரமாக இருப்பதால் அதைப் போல நம்பகமான ஊசல் வேறில்லை. 1967 முதல் உலகம் வினாடியையே சீசியம் அணுவைக் கொண்டுதான் வரையறுக்கிறது. அந்த அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் சேர்ந்தால் ஒரு வினாடி.

இந்தியா 2013-இல் தன் வழிகாட்டும் செயற்கைக்கோள் வரிசையின் முதல் கோளை அனுப்பியது. அதிலிருந்த மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. 2016-இல் மூன்றும் பழுதாகிவிட்டன. விண்ணில் பறக்கும் கோளுக்கு யார் ஏறிப்போய்ச் சாவி கொடுப்பது? கொள்கை நமக்குத் தெரியாததா? போஸ் பிறந்த நாடு அல்லவா இது! ருபீடியம் அணுவைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறார்கள். ஆயினும் அதைக் கடிகாரமாக்கி, ராக்கெட்டின் அதிர்ச்சியையும் விண்வெளியின் குளிரையும் வெப்பத்தையும் தாங்கும்படி செய்து கொடுக்கும் கைகள் அன்று நம்மிடம் ஆயத்தமாக இல்லை.

பின்னர் ஆமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் இந்தியாவிலேயே ருபீடியம் அணுக்கடிகாரத்தை உருவாக்கினார்கள். அது 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 என்ற செயற்கைக்கோளில் ஏறி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் சென்றது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாக இருந்தது ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவியாக மாறியது. அடிப்படை ஆராய்ச்சி தொழிலுக்கு வருவது என்றால் இதுதான்.

அன்னா மாணி அம்மையார்

பாலம் கட்டிய பெண்மணி ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்னா மாணி அம்மையார் 1918-இல் கேரளத்துப் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தர வீட்டார் முன்வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு உண்டு உமிழ்கின்றன என்று இரவு பகலாக ஆராய்ந்தார். காதில் போட மறுத்த வைரத்தைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் படித்தார் எனலாம்! ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனால் எம்.எஸ்.சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் அவருக்குத் தரப்படவில்லை.

அவர் சோர்ந்துவிட்டாரா? 1945-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். பௌதிகம் படிக்கப் போனவருக்கு வானிலைக் கருவிகளில் பயிற்சி பெறும் வாய்ப்புத்தான் கிடைத்தது. அதையே மனமுவந்து கற்றார். 1948-இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி போன்ற கருவிகளுக்கும் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். நாம் வானொலியில் கேட்டும் தொலைக்காட்சியில் பார்த்தும் வந்த புயல் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது.

அவர் ஆராய்ந்த அதே மாணிக்கப் படிகத்தைக் கொண்டுதான் 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரைச் செய்தார். அந்த லேசர் வந்த பிறகே இராமன் விளைவு பரவலான பயனுக்கு வந்தது. இன்று கையில் பிடிக்கும் அளவான இராமன் கருவியை ஒரு மாத்திரையின் மேல் காட்டினால் அது அசலா போலியா என்று சொல்லிவிடுகிறது. 1928-இல் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள், "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டுக் கையை விரித்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

இனி வரப்போவது

டிரான்சிஸ்டர், லேசர், எம்.ஆர்.ஐ. ஆகியன முதல் தலைமுறை. இப்போது இரண்டாம் தலைமுறை தலையெடுக்கிறது. தனித்தனி அணுவையும் தனித்தனி ஒளித்துகளையும் நம் விருப்பப்படி ஆட்டிவைப்பது இதன் சிறப்பு. இதில் மூன்று வகைகளைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது குவாண்டம் கம்ப்யூட்டர். சுண்டிவிட்ட நாணயம் சுழலும்போது பூவா தலையா என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் இடமிருக்கும். குவாண்டம் கம்ப்யூட்டரின் 'க்யூபிட்' ஏறக்குறைய அப்படிப்பட்டது. அது மிகவும் மென்மையானது. சிறிது வெப்பமோ அதிர்வோ பட்டாலும் கலைந்துவிடும். ஆகவே சிலவகைக் கருவிகளை விண்வெளியின் குளிரை விடவும் அதிகக் குளிரில் வைக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் இதற்கு அடிப்படையான சோதனைகளை 1984, 1985-ஆம் ஆண்டுகளில் செய்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் இது முழுப் பயனுக்கு வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது குவாண்டம் செய்தித் தொடர்பு. நாம் செல்போனில் பணம் அனுப்பும்போது அதைக் காப்பது ஒரு கணக்குப் பூட்டு. வருங்காலக் குவாண்டம் கம்ப்யூட்டர் இன்றைய பூட்டுகளில் சிலவற்றைத் திறந்துவிடக்கூடும் என்று 1994-இலேயே பீட்டர் ஷோர் கணக்கிட்டுக் காட்டினார். எனவே புதுப் பூட்டுகள் செய்கிறார்கள். ஒளித்துகள்களில் சாவியை அனுப்புவது ஒரு வழி. நடுவில் எவரேனும் எட்டிப் பார்த்தால் அரக்கு முத்திரை உடைந்த கடிதம் போல அது காட்டிக் கொடுத்துவிடும். 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் டில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இதைச் செய்து காட்டின.

மூன்றாவது குவாண்டம் உணர்கருவிகள். எங்கள் மனத்தைக் கவர்ந்தது இதுவே. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இலண்டன் அறிஞர்களும் சேர்ந்து 2018-இல் ஒரு தலைக்கவசத்தை அறிமுகப்படுத்தினார்கள். அதிலுள்ள ருபீடியம் அணுக்கள் மூளையின் மெல்லிய காந்த அலைகளை அளக்கின்றன. பழைய கருவியில் தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். சிறு குழந்தை இருக்குமா? இதை அணிந்துகொண்டு தலையை அசைக்கலாம். வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு இது எத்தகைய வரப்பிரசாதம்! பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2022-இல் அணுக்களைக் கொண்டு புவியீர்ப்பை அளந்து, மண்ணைத் தோண்டாமலே அடியில் மறைந்திருந்த சுரங்கப் பாதையைக் கண்டார்கள்.

நம் அரசும் வாளாவிருக்கவில்லை. 2023 ஏப்ரல் 19 அன்று தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை செலவிட ரூபாய் 6,003.65 கோடி ஒதுக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய், டில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்கள் ஆகிய நான்கும் இதன் மையங்கள். குவாண்டம் செய்தித் தொடர்புக்கான மையம் நம் சென்னையில் அமைந்திருப்பது நமக்குப் பெருமை.

எங்கள் கருத்துகள்

கோடிகள் மட்டும் பாலம் கட்டிவிடா. பதினைந்து வயதுப் பெண்கள் நாட்டுக்கு யோசனை சொல்வதா என்று எவரும் நகைக்க வேண்டாம். இந்த இயக்கம் முடியும் ஆண்டில் நாங்கள் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருப்போம். ஆகையால் பேசும் உரிமை எங்களுக்கு உண்டு என்று கருதி மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவதாக, கருவி செய்யும் கைகளை மதிக்க வேண்டும். கண்காட்சியன்று காலையில் எங்கள் எல்.இ.டி. விளக்குகள் எரியவில்லை. நாங்கள் அழாத குறை. ஆய்வுக்கூட உதவியாளர் அக்காதான் அட்டையைத் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன கம்பிக்கு ஈயப் பற்று வைத்து எரிய வைத்தார். மாலையில் பரிசும் சான்றிதழும் எங்களுக்குக் கிடைத்தன. அக்காவின் பெயரைச் சொல்ல எங்களுக்கே தோன்றவில்லை! வெட்கத்துடன் இங்கே ஒப்புக்கொள்கிறோம். நாட்டிலும் இதே கதைதான். கொள்கை கண்டவருக்கு மாலை. கருவி செய்தவருக்கு மறதி. கண்ணாடி ஊதுதல், லென்சு தேய்த்தல், வெற்றிடக் குழாய் அமைத்தல், கடுங்குளிர் இயந்திரங்களைப் பராமரித்தல் ஆகியவற்றை ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் கற்பிக்க வேண்டும். மாவட்டந்தோறும் இத்தகைய ஆட்கள் இருந்தால் எங்கள் தோழியின் அம்மா மூன்று வாரம் காத்திருப்பாரா?

இரண்டாவதாக, முதல் பந்தியில் யார் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் பலன் அரசு மருத்துவமனைக்கும் குடிநீர்க்குழாய் உடைந்த தெருவுக்கும் விரைவில் வர வேண்டும். இராணுவத்துக்கும் வங்கிக்கும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அன்று செவிக்கருவிக்குத் தந்த சலுகையைப் போல, நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் உதவும் கருவிகளுக்கு உரிமத் தொகை இல்லை என்று ஒரு விதி இருக்கட்டும்.

மூன்றாவதாக, மக்களிடம் உண்மையைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும். குவாண்டம் என்ற பெயரை ஒட்டி நோய் தீர்க்கும் டாலர் என்றும் வளையல் என்றும் விற்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள். 'நாளையே எல்லாம் மாறிவிடும்' என்று விளம்பரம் செய்வதும் ஒருவகை ஏமாற்றுத்தான். வாக்குறுதி பொய்த்தால் மக்கள் அடிப்படை ஆராய்ச்சியின் மீதே நம்பிக்கை இழப்பார்கள். எது கையில் இருக்கிறது, எது இன்னும் வழியில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் வேண்டும்.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு? பள்ளிக்குக் கூரை போடுங்கள்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூரையும் வேண்டும். ஆனால் ஏழை நாடு ஆராயாமல் இருந்தால் என்றும் பிறர் செய்த கடிகாரத்தையே விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். நின்றுபோனால் விழித்துக்கொண்டு நிற்கும். பணக்கார நாடு தாமதிக்கலாம், நம்மால் முடியாது.

தோழியரே!

அன்புத் தோழியரே, தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கும். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? "பொம்பளைப் பிள்ளைக்குப் பிசிக்ஸ் எதுக்கு? கஷ்டம்" என்று அடுத்த வீட்டு மாமா சொல்வார். எல்லாரும் பௌதிகம் எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் பயத்தினால் எவரும் விட்டுவிடக்கூடாது. ஆராய்ச்சியாளராக முடியாவிட்டால் என்ன? கருவி செய்பவராகலாம்; பழுது பார்ப்பவராகலாம்; தமிழில் எழுதிப் புரியவைப்பவராகலாம். பாலத்துக்கு ஒரு கல் போதாது.

அடுத்த பிப்ரவரியில் நாங்கள் இப்பள்ளியில் இருப்போமோ, வேறு பள்ளியில் இருப்போமோ தெரியாது. அந்தப் பாட்டி மீண்டும் வந்தால், இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளே, நீங்கள் பதில் சொல்லுங்கள். "உங்கள் காதில் இருப்பதே அதுதான் பாட்டி" என்று தொடங்குங்கள். விளக்கு அட்டையை மறக்காமல் முதல் நாளே எரியவைத்துப் பாருங்கள். எரியவைத்துத் தந்தவரின் பெயரையும் பலகையில் எழுதுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி